சைக்கிளுக்கு ஒரு ஜீர்ணோத்தாரணம்

பழைய சாமான் ஒன்று வீட்டில் இருந்தால் போதும், குடும்பம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். "இதைத் தூக்கி எறி" என்பது ஒரு கட்சி. "இதில் யாரும் கை வைக்கக் கூடாது" என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சிக்கு வீட்டைப் பெருக்கித் துடைக்கிறவர்கள் தலைமை வகிப்பார்கள். இரண்டாவது கட்சியின் தலைவர் பெரும்பாலும் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேருடைய வாதத்திலும் நியாயம் இருக்கும். இவர்கள் வாதாடி முடிப்பதற்குள் சாமான் துருப்பிடித்துத் தன் வழக்கைத் தானே முடித்துக்கொண்டுவிடும்.

மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு. "கெட்டுப்போனதை மாற்றி, நல்லதை வைத்துக்கொண்டு, மறுபடியும் உபயோகத்துக்குக் கொண்டு வா" என்பது அதன் கொள்கை. கோயில் விஷயத்தில் நம் பெரியவர்கள் எல்லோரும் இந்தக் கட்சிதான். மூர்த்தியைப் பீடத்தோடு பிடித்து நிறுத்தியிருக்கும் அஷ்டபந்தன மருந்து நாளாக ஆக உதிர்ந்துபோகும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மருந்து இடித்துச் சாத்துவார்கள். விரிசல் விட்ட தளவரிசையை மாற்றுவார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை குடமுழுக்கு என்று வழக்கமே இருக்கிறது. அந்தத் திருப்பணிக்கு ஜீர்ணோத்தாரணம் என்று பெயர். மருந்து புதிது, தளம் புதிது. மூர்த்தி மட்டும் அதே மூர்த்தி. இந்த முறையை ஒரு சைக்கிளுக்குச் செய்து பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

கிள்ளையில் என் தாய்மாமா இருக்கிறார். சிதம்பரத்திலிருந்து பிச்சாவரத்துக்குப் போகிறவர்கள் கிள்ளை வழியாகத்தான் போகவேண்டும். ஆனால் படகில் ஏறிச் சுரபுன்னைக் காட்டைப் பார்க்கிற அவசரத்தில் அந்த ஊரை யாரும் கவனிப்பதில்லை. மாமா அங்கே தபால்காரராக இருந்தவர். வெள்ளாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே இருக்கிற குப்பம், தோப்பு, உப்பங்கழிக் கரை எல்லா இடத்துக்கும் கடிதமும் மணியார்டரும் சுமந்தவர். வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம், 1968-இல், ஒரு ஹெர்குலிஸ் சைக்கிள் வாங்கினார். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. அதனால் வீட்டில் தனக்கு மூத்தாள் அந்தச் சைக்கிள்தான் என்று அத்தை சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஹெர்குலிஸ் என்றால் இங்கிலாந்துச் சரக்கு என்று பலர் நினைப்பார்கள். பெயர் அங்கே பிறந்ததுதான். 1910-இல் பர்மிங்காமில் தொடங்கிய கம்பெனி. ஆனால் மாமாவின் வண்டி அம்பத்தூரில் பிறந்தது. பர்மிங்காம் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமமும் நம் முருகப்பா குடும்பத்தாரும் சேர்ந்து 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியை ஆரம்பித்தார்கள். அந்த நாளில் தமிழ்நாட்டின் ஆசிரியர், தபால்காரர், பால்காரர், கிராம சேவகர் எல்லோரையும் சுமந்தவை இத்தகைய வண்டிகள்தாம். கனத்த எஃகுக் குழாய். குழாய்கள் கூடுகிற இடத்தில் பித்தளை உருக்கி இணைத்த மூட்டு. கம்பியும் கொக்கியுமாக ஓடுகிற ராடு பிரேக். முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்துக்கு 40. வருஷா வருஷம் வரி கட்டி வாங்கிய தகர வில்லை ஒன்று மாமாவின் வண்டியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஹேண்டில்பாரில் மட்டும் கம்பெனி கொடுத்த ரப்பர் பிடி இல்லை. வியர்வையும் உப்பும் சேர்ந்து அது பிசுபிசுத்துப் போனதால், தோணி கட்டும் ஆசாரி ஒருவர் புன்னைக் கட்டையில் இரண்டு பிடி கடைந்து கொடுத்திருந்தார். முப்பது வருஷத்துக்கு மேலாகக் கை பட்டுப் பட்டு அவை பலாக்கொட்டை மாதிரி மினுமினுத்தன.

மாமா ஓய்வு பெற்ற பிறகு வண்டி தாழ்வாரத்துக்குப் போயிற்று. பிச்சாவரத்துக் காற்றைப் பற்றி அந்தப் பக்கத்து மனிதர்களுக்குச் சொல்லவேண்டாம். அந்தக் காற்றில் உப்பு கரைந்திருக்கிறது. காட்டுக்குள் கண்டல் வகை மரம் ஒன்று உண்டு. வேர் வழியாக ஏறுகிற உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். வெயில் நேரத்தில் அந்த இலையைத் திருப்பிப் பார்த்தால் பொடி உப்புப் பூத்திருப்பது தெரியும். மரத்துக்கு அந்தச் சாமர்த்தியம் இருக்கிறது. இரும்புக்கு இல்லையே! ரிம்மின் முலாம் செதில் செதிலாக உரிந்தது. செயின் ஒரே கம்பியாக இறுகியது. பழைய இரும்புக்காரர் ஒருவர் மாதத்துக்கு ஒரு முறை வந்து கிலோவுக்கு இன்ன விலை என்று சொல்லிவிட்டுப் போவார். "என்னையும் சேர்த்து எடை போட்டு எடுத்துக்கிட்டுப் போ" என்பார் மாமா.

இந்த நிலையில்தான் மாமாவின் பேத்திக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. கிள்ளையிலிருந்து அண்ணாமலை நகர் பத்துக் கிலோமீட்டர் சொச்சம். அவள் அம்மா ஸ்கூட்டர் வாங்கித் தரலாம் என்றாள். அப்பா பஸ்ஸில் போகட்டும் என்றான். பெண் தாழ்வாரத்தைக் காட்டி, "எனக்குத் தாத்தா சைக்கிள்தான் வேணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா, சும்மா ஆசைக்குக் கேக்கலை. தினம் போய்ட்டு வரணும். பிரேக் பிடிக்கணும். எதிர்காத்துல மிதிக்க முடியணும். வழியில நின்னுபோனா நானே சரிபண்ணணும். உங்களால முடியுமா?" என்றாள்.

எஞ்சினீயரிங் கல்லூரியின் பரீட்சைக் கேள்வி மாதிரி இருந்தது. மூன்று நிபந்தனைகள். மூன்றும் நியாயமானவை. பிரேக் விஷயத்தில் அவள் பயம் நூற்றுக்கு நூறு சரி. ராடு பிரேக்கின் கட்டை ரிம்மின் உள்பக்கத்தைப் போய் அழுத்தும். முலாம் பூசிய எஃகு ரிம் மழையில் நனைந்துவிட்டால் அந்த அழுத்தத்துக்குக் கட்டுப்படாமல் வழுக்கிக்கொண்டே போகும். மாமாவிடம் கேட்டேன். "பிரேக்கா? அது வண்டிக்கு நகை, மாப்பிள்ளை. மழைக்காலத்துல வண்டியை நிறுத்தினது என் செருப்பு" என்றார். அவர் காலத்துச் சாலையில் எதிரே மாட்டு வண்டி வரும். இன்றைக்கு வருவது இறால் லாரி. அதைச் செருப்பால் சமாளிக்க முடியாது.

சென்னைக்குப் போயிருந்தபோது பெரிய சைக்கிள் கடை ஒன்றில் நுழைந்து விசாரித்தேன். கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உள்ள கடை. வண்டியின் படத்தைக் காட்டினேன். விற்பனையாளர் இளைஞர், மரியாதைக்காரர். படத்தை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, "சார், இதுக்கு ஆகிற செலவிலே புதுசே வாங்கிடலாம். பழைய பிரேமிலே புது பார்ட்ஸ் எதுவும் சேராது" என்றார். முதல் வாக்கியம் உண்மை. பிற்பாடு கணக்குப் பார்த்தபோது செலவு ஒரு புதுச் சைக்கிளின் விலையைத் தாண்டித்தான் இருந்தது. இரண்டாவது வாக்கியம்தான் எனக்குச் சமாதானமாக இல்லை.

சைக்கிளின் அளவுகளைப் பற்றி அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் ஒரு நாவலுக்குரிய சுவாரஸ்யத்தோடு இருந்தது. மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் 1880-இல் உருளைச் சங்கிலியைச் செய்தார். இன்றைக்கு உலகத்தில் ஓடுகிற சைக்கிள் செயின்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் நடுவே அரை அங்குலம்தான். பந்தயக்காரர் மிதிக்கிற கார்பன் வண்டியிலும் அரை அங்குலம். மாமாவின் வண்டியிலும் அரை அங்குலம். பெடல் திருகுகிற புரி இரண்டிலும் ஒன்றே. இடது பெடலுக்கு மட்டும் புரி தலைகீழாக இருக்கும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடாமல் இருப்பதற்காக. பி.பி. என்று கடைக்காரர்கள் சொல்லுகிற நடு அச்சு உட்காரும் கூட்டுக்கு ஆங்கிலேய அளவு 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 புரி. அந்த அளவுக்குப் பொருந்துகிற, உள்ளே தண்ணீர் புகாத மூடிய பி.பி. இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அங்குலத்தைப் பள்ளிக்கூடத்தை விட்டே விரட்டிவிட்டோம். சைக்கிளை விட்டு விரட்ட முடியவில்லை.

இந்தப் பொது அளவுதான் பழைய வண்டியின் பலம் என்று எனக்குத் தோன்றியது. எவரோ எங்கேயோ செய்கிற புதுப் பாகத்துக்கு அது இடம் வைத்திருக்கிறது. இன்றைய உயர்ந்த ரகச் சைக்கிள்களில் அந்த நடு அச்சுக் கூட்டுக்கு மட்டும் பத்துக்கு மேற்பட்ட அளவுகள் வந்துவிட்டன. கம்பெனிக்கு ஒரு அளவு. பத்து வருஷம் கழித்து அந்தப் பாகம் வேண்டுமென்றால் கிடைக்குமோ, கிடைக்காதோ. அப்படியானால் புதியதைச் சேர்த்துக்கொள்ளத் தெரிந்தது எது, தெரியாதது எது?

சரி, எந்தப் பாகத்தை எங்கிருந்து வாங்குவது? ஹாலந்தில் வேலை பார்க்கிற என் நண்பர் ஒருவர் இதற்கு வழி சொன்னார். ஹாலந்து நம் கொள்ளிடக் கரையைப் போலவே தட்டையான தேசம். மழை, கடற்காற்று, உப்பு மூன்றும் உண்டு. அங்கே தினமும் வேலைக்குப் போகிறவர்களும், குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற தாய்மார்களும் ஓட்டுவது பெரும்பாலும் நம் பழைய ஹெர்குலிஸின் சாயலில் நிமிர்ந்து உட்காருகிற எஃகுச் சைக்கிள்தான். அதில் அவர்கள் இரண்டே காரியம் கூடுதலாகச் செய்திருக்கிறார்கள். பிரேக்கை மழை படாமல் ஹப்புக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அதற்கு டிரம் பிரேக் என்று பெயர். கியரையும் ஹப்புக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். பரங்கிப்பேட்டைக்குப் போர்ச்சுக்கீசியர் போர்ட்டோ நோவோ என்று பெயர் வைத்தார்கள். பின்னால் வந்த டச்சுக்காரர்கள் பண்டகசாலை வைத்து, நம் நெசவாளர்களின் துணியை வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கணக்கில் கொஞ்சம் இப்போது திரும்பி வரட்டுமே என்று நண்பருக்கு எழுதினேன். ஊருக்கு வந்தபோது இரண்டு ஹப்பும் இரண்டு அலுமினிய ரிம்மும் கொண்டுவந்தார்.

ரிம் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக ஒரு நிபந்தனை வைத்திருந்தேன். இன்றைய ரோடு சைக்கிள்களின் டயர் உட்காருகிற வட்டம் 622 மில்லிமீட்டர். நம் பழைய 28 அங்குல, ஒன்றரை அங்குல அகல டயருக்கு 635. வித்தியாசம் 13 மில்லிமீட்டர்தான். ஆனால் அந்தப் பதின்மூன்று மில்லிமீட்டரில் பெண்ணின் மூன்றாவது நிபந்தனை அடங்கியிருக்கிறது. 622 டயர் கிழிந்தால் பெரிய ஊர்க் கடைக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்கவேண்டும். 635 டயர் கிள்ளையில் மளிகைக்கடைக்குப் பக்கத்துக் கடையில் ஆணியில் தொங்குகிறது. நல்லவேளையாக ஹாலந்துக்காரர்களும் அந்த 635-ஐ இன்னும் விடவில்லை. ஆகவே ரிம் புதிது, அளவு பழையது. ஒரு பாகம் எவ்வளவு உசத்தி என்று பார்ப்பதைவிட, அது கெட்டுப்போகிற அன்றைக்கு யார் கதவைத் தட்டவேண்டும் என்று பார்ப்பது முக்கியம்.

வேலையைச் செய்தவர் சிதம்பரம் தெற்கு வீதிப் பக்கத்துச் சந்தில் கடை வைத்திருக்கும் ஒரு பாய். பரங்கிப்பேட்டைக்காரர். அவர் தகப்பனார் மணிக்கணக்கில் வாடகைக்குச் சைக்கிள் விட்டவர். பாயின் கடைப் பலகையில் 'ஓவர் ஆயில் செய்யப்படும்' என்று எழுதியிருக்கும். இந்த ஓவர் ஆயிலுக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை; வெள்ளைக்காரனின் 'ஓவர்ஹால்' நம் கடைத்தெருவுக்கு வந்து எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டது. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் பாய், "சார், இது கூழ் குடிச்ச இரும்பு. வெளியிலேதான் துரு. உள்ளே ஒண்ணும் ஆகலை" என்றார்.

முதல் நாள் முழுக்கக் காட்டர் பின்னோடு மல்லுக்கட்டியதில் போயிற்று. பழைய வண்டியில் கிராங்கை அச்சோடு பூட்டியிருப்பது ஆப்பு மாதிரி ஒரு பின். உப்பில் அது கிராங்கோடு கிராங்காக ஐக்கியமாகிவிட்டிருந்தது. மேலே அடித்தால் அடி முழுவதும் உள்ளே இருக்கும் பால்ரஸ் குண்டுகளின் மேல் போய் விழும். கூடு பள்ளம் விழுந்துவிடும். அதனால் பாய் கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்தார். மண்ணெண்ணெய் ஊற்றினார். டீ குடித்தார். மறுபடியும் ஊற்றினார். சாயங்காலம் ஒரே அடி, பின் கழன்றது. கூட்டைக் கழுவிப் புரியைச் சுத்தம் செய்து புது பி.பி.யைக் கையால் திருகினார். தடங்கலில்லாமல் உள்ளே போயிற்று. சென்னைக் கடையின் இளைஞர் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

இரண்டாவது நாள்தான் உண்மையான சோதனை. புதுப் பின் ஹப் அகலமானது. பழைய பிரேமின் பின்கால்கள் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு செண்டிமீட்டர் போதவில்லை. இரும்பைக் காய்ச்சாமலே, குளிர்ந்த நிலையில் அகட்டவேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஷெல்டன் பிரவுன் என்று ஒரு சைக்கிள் மெக்கானிக் இருந்தார். 2008-இல் காலமானார். பழைய வண்டிகளின் அளவுகளை உலகத்துக்கெல்லாம் எழுதி வைத்துவிட்டுப் போன புண்ணியவான். ஒரு நீளமான கட்டையும் நூலும் போதும் என்கிற முறையை அவர் விளக்கியிருக்கிறார். நான் அதைப் பாயிடம் சொல்ல வாயெடுத்தேன். பாய் அதற்குள் கொத்தனார் நூல்கண்டை எடுத்துவிட்டார். "அத்தா காலத்துலேருந்து இதேதான் சார்" என்றார்.

கட்டையைக் கொடுத்து ஒரு காலை மெல்ல நெம்பினார். பிறகு மற்றொரு காலை. பின் முனையில் நூலைக் கட்டி, முன்னே தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறு முனையில் கட்டினார். நடுவில் நிற்கிற சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் பிரேம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். இடப்பக்கம் ஒரு நூல் அளவு கூடுதல். மறுபடியும் ஒரு நெம்பு. சமம். அலுமினியத்தையோ கார்பனையோ இப்படிச் செய்யத் துணிந்தால் விரிசல் விட்டுவிடும். எஃகு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரு வடிவில் இருந்துவிட்டு, கேட்டுக்கொண்டதும் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுக்கிறது. ரயிலில் அப்படிப்பட்ட மனிதர்களைச் சில சமயம் பார்த்திருக்கிறேன்.

எஃகு என்றதும் பாயின் சொந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கிள்ளைக்கு நேர் வடக்கே, வெள்ளாற்றின் அக்கரையில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830-இல் அங்கே ஒரு இரும்பாலை நிறுவினார். சேலத்துத் தாதுவை மரக்கரியில் உருக்கினார்கள். கரிக்காக மரம் குறைந்தது, நஷ்டம் கூடியது, ஆலை அந்த நூற்றாண்டு முடியும் முன்பே மூடப்பட்டது. ஆனால் ஹீத் இங்கிலாந்துக்குத் திரும்பி 1839-இல் ஒரு காப்புரிமை வாங்கினார். எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் சேர்க்கும் முறை அது. அதனால் ஷெஃபீல்டு நகரத்து எஃகு உற்பத்தியாளர்கள் மலிவான இரும்பிலிருந்தே நல்ல எஃகு செய்து கொழுத்தார்கள். செய்முறையில் ஒரு சிறு மாறுதல் செய்து, இது ஹீத்தின் முறையே இல்லை என்று சாதித்து, அவருக்குப் பணம் கொடுக்காமல் இருந்துவிட்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 1851-இல் அவர் வறுமையில் இறந்தார். 1855-இல் பிரபுக்கள் சபையும் எதிராகவே தீர்ப்பளித்தது.

1935-இல் பர்மிங்காமில் ரெனால்ட்ஸ் கம்பெனி 531 என்ற குழாயை வெளியிட்டது. உலகத்தின் பேர்பெற்ற பந்தய சைக்கிள்கள் பல தலைமுறையாக அந்தக் குழாயில்தான் செய்யப்பட்டன. அதில் எஃகோடு சேர்ந்திருப்பவை மாங்கனீஸும் மாலிப்டினமும். நம் அம்பத்தூர் ஹெர்குலிஸின் குழாய் அவ்வளவு உசத்தியானதில்லை, சாதாரண எஃகுதான். ஆனாலும் பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் எஃகை நெம்பிக்கொண்டிருந்த அந்த மத்தியானத்தில், ஹீத் துரையைப் பற்றி அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாய் முழுவதும் கேட்டுவிட்டு, "கூலி குடுக்காம ஏமாத்திட்டாங்கன்னு சொல்லுங்க" என்றார். நான் இவ்வளவு நீளமாகச் சொன்னதற்கு அதுதான் சாரம்.

சக்கரம் பின்னுவதற்கு ஒரு நாள். புது ஹப்புக்கும் ரிம்முக்கும் 36 ஓட்டை. துருப்பிடிக்காத போக்ஸ் கம்பி. பாய் பெண்டு எடுக்கும்போது கம்பியை விரலால் மீட்டிக் காதால் கேட்பார். சுருதி சேராத கம்பியைக் கால் திருகு திருகுவார். ஹப்புக்குள் இருக்கும் கியர் மூன்று வேகம். ஸ்டர்மி-ஆர்ச்சர் என்ற பெயரில் நாட்டிங்காமில் 1902-இல் வெளிவந்தது; 2000-த்தில் அந்தத் தொழில் தைவான்காரர்கள் கைக்குப் போயிற்று. நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி வருகிற சின்னப் பல்சக்கரங்கள். நடுவிலிருப்பதற்குச் சூரியன் என்றும் சுற்றுகிறவற்றுக்குக் கிரகங்கள் என்றும் எஞ்சினீயர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். நடு கியரில் மிதித்தது மிதித்தபடி. கீழ் கியரில் சக்கரம் நாலில் மூன்று பங்குதான் சுற்றும், மிதி லேசாகும். மேல் கியரில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சுற்றும். கிள்ளைச் சாலையில் மேடு ஏது, கியர் எதற்கு என்று கேட்கலாம். அங்கே மேடு காற்றில் இருக்கிறது. ஆடி மாதத்தில் காலையில் கல்லூரிக்குப் போகும்போது மேல்காற்று முகத்தில் அடிக்கும். மற்ற மாதங்களில் சாயங்காலம் திரும்பும்போது கடற்காற்று எதிர்க்கும். அதற்கு மூன்று கியர் தாராளம்.

கடைசியில் ஹேண்டில்பார். ராடு பிரேக்கின் பிடிகள் பழைய ஹேண்டில்பாரோடு சேர்ந்தே பிறந்தவை. பிரேக்கை மாற்றினால் அதையும் மாற்றியாக வேண்டும். அந்தச் செய்தியைக் கேட்டதும் மாமா முதல் முறையாகச் சிதம்பரத்துக்கே வந்துவிட்டார். சக்கரம் போயிற்று, அச்சு போயிற்று, இப்போது ஹேண்டிலும் போகிறது என்றால் இது யாருடைய சைக்கிள் என்று கேட்டார். கோபம் இல்லை, குரல் தாழ்ந்திருந்தது.

நான் எழுதுகிறவன் அல்லவா? உவமை இல்லாமல் பதில் சொல்ல வரவில்லை. "மாமா, சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்தது தில்லை மரத்தாலே. இன்னிக்கு அந்த மரத்தைப் பார்க்கணும்னா ஊருக்குள்ளே முடியாது, பிச்சாவரம் காட்டுக்குத்தான் போகணும். அதுக்காக இது தில்லை இல்லேன்னு யாராவது சொல்றாங்களா?" என்றேன்.

மாமா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஊருக்கு அது சரி, மாப்பிள்ளை. ஊர் பெரிசு, எதையும் தாங்கும். நான் கேக்கிறது அதில்லை. என் கை இருந்த இடம் எங்கே?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் பாயிடம் இருந்தது. அவர் பழைய ஹேண்டில்பாரிலிருந்து அந்தப் புன்னைக்கட்டைப் பிடிகளை, மரம் பிளக்காமல், நனைத்த துணியைச் சுற்றி மெல்லத் திருகிக் கழற்றினார். புது ஹேண்டில்பாரில் பொருத்தித் தள்ளினார். வழுக்கிக்கொண்டு போய் இறுக உட்கார்ந்தது. இந்தக் குழாயும் ஏழு எட்டில் அங்குலம், அந்தக் குழாயும் ஏழு எட்டில் அங்குலம். பர்மிங்காமில் யாரோ என்றைக்கோ முடிவு செய்த அளவு, தோணி ஆசாரி கடைந்த கட்டையைத் தைவான் குழாயில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. மாமா இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். கட்டை விரலை நகர்த்தி ஏதோ ஒரு பள்ளத்தைத் தேடினார். கிடைத்துவிட்டது போலிருக்கிறது. "ம்... சீட்டை ஒரு விரக்கடை இறக்கு பாய், பாப்பாவுக்குக் கால் எட்டாது" என்றார்.

பிரேமின் பெயிண்டைப் புதிதாக அடிக்கவேண்டாம் என்று முடிவு செய்தோம். துருவை மட்டும் தேய்த்து, செவ்வண்ணம் பூசி, குழாய்களுக்குள் எண்ணெய் ஊற்றிக் கவிழ்த்து வடியவிட்டோம். உப்பு நாட்டில் எஃகு உள்ளிருந்துதான் அரிக்கும். தகர வில்லை, கேரியர், மணி, மட்கார்டு அப்படியே இருக்கின்றன. டைனமோவுக்குப் பதில் சின்ன எல்.இ.டி. விளக்கு. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு அப்புறமும் வண்டியைப் பாயிடம் கொண்டுவரவேண்டும் என்பது ஒப்பந்தம்.

செலவுக் கணக்கு கேட்டவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். லாபம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் வாங்கிய பொருளின் விலையை மட்டும் கூட்டினால் கணக்கு முடிந்துவிடுகிறதா? பாய்க்கு நாலு நாள் வேலை. அவர் தகப்பனாரின் நூல்கண்டு வித்தையைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்ட ஒரு கல்லூரிப் பெண். இன்னொரு முப்பது வருஷத்துக்கு இரும்புக்காரரின் தராசுக்குப் போகாத ஒரு பிரேம். இவையெல்லாம் எந்தக் கடையின் பில்லிலும் வராத வரவுகள். எதை மாற்றலாம் என்றால், உராய்கிறதை மாற்றலாம். எதை வைத்துக்கொள்ளவேண்டும் என்றால், தாங்குகிறதை வைத்துக்கொள்ளவேண்டும். கைபட்ட இடம் எது என்று வைத்திருந்தவரைக் கேட்டுவிட்டுப் பிறகு ஸ்பானரை எடுக்கவேண்டும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் பின்சக்கரம் பஞ்சராகிவிட்டதாம். சாலையோரத்துக் கீற்றுக் கொட்டகைக் கடையில் பத்து நிமிஷத்தில் ஒட்டிக் கொடுத்தார்கள். டயர், டியூப், வால்டியூப் எல்லாம் அவர்களுக்குப் பழக்கமானவை. கடைக்காரர் ஹப்பைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "எந்த ஊர் வண்டிம்மா இது?" என்று கேட்டாராம்.

"கிள்ளை வண்டி" என்றாளாம்.